உப்பு திரும்பி வரும் வழி

பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது தில்லி.

பொருள்: கரைந்த சரக்கைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

விற்ற உணவுப் பொருளில் குறை தெரிந்தால் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதற்கு ஆணையம் 2017-இல் ஒழுங்குமுறைகள் வகுத்தது. தயாரிப்பவரும் மொத்த வியாபாரியும் அதற்கான திட்டத்தை எழுதி வைத்திருக்க வேண்டும். எந்தச் சரக்கு யாருக்குப் போனது என்று பதிவேடு வேண்டும். திரும்பி வந்ததைத் தனியே அடுக்க வேண்டும். வெறும் சில்லறைக் கடைக்காரருக்கு இந்தத் திட்டம் தேவையில்லை. மரக்காணத்து உப்புக்கு வரும் கேடெல்லாம் அந்தக் கடை வாசலில்தான் வருகிறது என்பது சின்ன விவரம்.

உண்ணும் உப்பில் அயோடின் ஆலையில் பத்து லட்சத்துக்கு 30 பங்குக்கும், கடையில் 15 பங்குக்கும் குறையக் கூடாது. பாதி வழியிலேயே போய்விடும் என்று சட்டமே கழித்துக் கொடுத்திருப்பது பெருந்தன்மை. ஆனால் மளிகைக் கடையில் உப்பு மூட்டைக்கு உள்ளே இடமில்லை. ராத்திரி கதவு சாத்திய பிறகும் அது வாசலிலேயே கிடக்கும், உப்பைத் திருடுவாரில்லை. மார்கழிப் பனியில் அடிமூட்டை கசிந்து, ஓட்டை விழுந்த உறைக்குள் உப்பு கட்டி தட்டிப் போகும். அந்த உறையை மாதிரி எடுத்து, அயோடின் குறைவு என்று அறிக்கை வந்தால், அச்சில் இருப்பது உப்பை உறையிலிட்டவரின் பெயர்.

திரும்பப் பெறுவதற்கு வண்டி வேண்டும். பிரம்மதேசம் வழியாகத் திண்டிவனம் போகும் மினி லாரி திரும்புகையில் கிடைத்த லோடை ஏற்றிக்கொள்கிறது. பத்துக் கடையில் அரை மூட்டை அரை மூட்டையாகக் கிடப்பதைப் பொறுக்கத் தனி வண்டி பிடித்தால், வாடகை சரக்கின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே ‘டேமேஜ்’ அடுத்த பில்லில் கழிகிறது. சரக்கு கடையிலேயே கிடக்கிறது. உப்புக்கு ஜிஎஸ்டி இல்லாததால் உறைக்கும் சாக்குக்கும் கட்டிய வரியும் திரும்புவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் வரிக்கும் உப்புக்கும் நல்ல ஒற்றுமை.

காலாவதியானது, தரத்தில் தேறாதது, திரும்பி வந்தது எவ்வளவு, அது யாருக்கு விற்கப்பட்டது, எப்படி அழிக்கப்பட்டது என்று உரிமம் பெற்ற தயாரிப்பாளர்கள் காலாண்டுதோறும் இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என 2024 டிசம்பரில் ஆணையம் பணித்தது. பெரிய நிறுவனத்தில் இதற்கென ஒரு பிரிவே இருக்கும். சிறு ஆலையில் முதலாளிதான் கணக்குப்பிள்ளை. அயோடேட் கரைசல் தெளிப்பவரும் வசூலுக்குப் போகிறவரும் அவரே. திரும்பி வந்ததை அழிக்காமலிருக்க ஒரு வழி உண்டு: அயோடின் இல்லாத உப்பைப் பதப்படுத்தலுக்கு, அதற்குரிய குறிப்போடு, விற்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கருவாட்டுக்குப் போக வேண்டுமானால் திரும்பி வந்த உறைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து, வேறு சாக்கில் கொட்டித் தைக்க வேண்டும். அந்தக் கூலிக்குப் புது உப்பே வாங்கலாம்.

எனவே திண்டிவனத்தில் சிறு ஆலைகள் சேர்ந்து பயன்படுத்த ஒரு பொதுக் கிடங்கு அமைக்கப் பரிந்துரைக்குமாறும், அக்டோபர்–டிசம்பர் காலாண்டுப் படிவத்தில் ‘விற்றது’, ‘அழித்தது’ ஆகியவற்றோடு ‘கரைந்தது’ என்றொரு கட்டம் சேர்க்குமாறும் கோரப்படுகிறது. கரைந்த சரக்கின் புகைப்படம் இணைக்க இயலாது.