குதிரை போனது, கடமை போகவில்லை

கேள்வி: கூப்பிட்டால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்து நிற்கும் காலத்தில், பழைய ஐரோப்பிய நைட் வீரர்களின் நெறியைத் தூசி தட்டி எடுப்பது வெறும் வேஷம்தானே?

பதில்: ஆம்புலன்ஸ் வரும். அது வரும்வரை அடிபட்டவர் பக்கத்தில் நிற்பது யார்? அந்த இடைவெளிக்குத்தான் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் ஆள் தயாரித்தார். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பையன்களையும் ஒரே முகாமில் தங்கவைத்துச் சோதித்துப் பார்த்தார். மறு ஆண்டு வெளியான அவருடைய சாரணர் நூலில் நைட்களின் நெறிக்குத் தனி இடம் உண்டு. ஆனால் அவர்களிடமிருந்து அவர் வாளை எடுத்துக்கொள்ளவில்லை. முடிச்சுப் போடு, தீ மூட்டிச் சமை, காயத்துக்குக் கட்டுப் போடு, தினம் ஒரு நற்செயல் செய் என்றார். கைத்திறனையும் நல்ல மனத்தையும் அவர் பிரிக்காததுதான் இதில் பெரிய விஷயம். நீந்தத் தெரியாத நல்லவன் குளத்தில் குதித்தால் காப்பாற்ற வேண்டியவர்கள் இரண்டு பேராகிறார்கள். நீந்தத் தெரிந்த கல்நெஞ்சனோ கரையில் நின்று செல்போனில் படம் பிடிப்பான்.

சாரணர் பயிற்சி சிறுவர்களைப் பட்டாளத்துக்குப் பழக்கும் வேலை என்று அன்றே சிலர் சந்தேகப்பட்டார்கள். தென்னாப்பிரிக்கப் போரின் மேஃபெகிங் முற்றுகையில் பெயர் வாங்கிய தளபதி ஆரம்பித்ததாயிற்றே, சந்தேகம் நியாயம்தான். ஆனால் வரிசையில் நின்று கட்டளைக்குக் கால் தூக்குவதைவிட, காட்டுவெளியில் சொந்த புத்தியால் வழி கண்டுபிடிப்பதையே அவர் மேலாக நினைத்தார். ‘இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்’ என்பவர்களுக்கு, 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு அழைப்பில்லாமலே வந்து நின்ற சிறுமிகள் பதில் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆண்டே அவர்களுக்கென்று ஓர் இயக்கம் பிறந்தது.