காம்பவுண்டுச் சுவரின் உகந்த உயரம்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மனிதன் ஏன் சுவர் வைக்கிறான் என்று கேட்டால் திருடன், ஆடு, அடுத்த வீட்டுக்காரர் என மூன்று விடைகள் வரும். திருடனுக்குச் சுவர் ஒரு படிக்கட்டு. ஆட்டுக்கு அது பொழுதுபோக்கு. மிச்சமிருக்கும் மூன்றாவது விடையைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுக் களம், வைகைக்கு வடக்கே ஆனையூர்ப் பக்கம் இக்கட்டுரையாளன் குடியிருக்கும் தெரு. இதோடு சோழவந்தான், உசிலம்பட்டி, மேலூர் என்று காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் போன ஊர்களில், பந்தியில் இடம் கிடைக்கும்வரை கொல்லைப்புறம் சுற்றிப் பார்த்தவையும் தரவுகளாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஆய்வுக் காலம் பதினெட்டு வருடம். நிதியுதவி ஏதும் இல்லை. வீட்டில் கேட்டதற்கு ஒரு பார்வை கிடைத்தது.

முதலில் சொல்லாராய்ச்சி. வேலி என்றால் அடைப்பு. தஞ்சைப் பக்கம் வேலி என்றால் நில அளவு. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்கு மேலே வரும். அடைக்கிற முள்ளுக்கும் அடைபடுகிற வயலுக்கும் ஒரே பெயர். காவிரி பாய்கிற ஊர்க்காரர்களுக்கு அது கட்டுப்படியாகும். மதுரைப் பக்கம் நாம் சென்ட் கணக்கில் வாழ்கிறவர்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நம் ஊர் சிவில் வழக்குகள் அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கிற ஆறிலிருந்துதான் கிளம்புகின்றன என்பது இக்கட்டுரையாளனின் முதல் கருதுகோள்.

சாட்சியச் சட்டத்தில் நம் முன்னோர் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதற்கு ‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்ற பழமொழியே போதும். ஓணானைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, வேலி வாதியுடையதா என்றால் தலையாட்டும். பிரதிவாதியுடையதா என்றாலும் தலையாட்டும். கிராம நிர்வாகத்தில் இந்த முறை இன்னமும் வழக்கொழியவில்லை என்பார் உண்டு. அந்தச் சர்ச்சைக்குள் போக வேண்டாம்.

மதுரைச் சமவெளியின் வேலிகளை உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரிப்பது வழக்கம். நகர்பவை, நகராதவை என்று பிரிப்பதே சரி. கிளுவைப் போத்தை வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றிவிட்டால் அது பாட்டுக்குத் தழைக்கும். ஆனால் கவாத்துப் பண்ணுகிறவர் தன் பக்கம் ஒட்ட வெட்டி, எதிர்ப்பக்கம் மட்டும் தழைய விட்டால், வேலி வருடத்துக்கு ஒரு விரற்கடை நடக்கும். ஒரு தலைமுறைக்குள் அது ஒரு வரப்பைத் தாண்டிவிடும். யாரும் நகர்த்தவில்லை, அதுவாகத்தான் போனது. மேலூர்ப் பக்கத்துக் கல்கால் வேலி இந்தச் சாமர்த்தியம் அறியாது. 1874இல் அமெரிக்காவில் கிளிடன் என்ற விவசாயி காப்புரிமை வாங்கிய முள்கம்பியும் அறியாது. அது வேட்டி கிழிப்பதோடு சரி.

சீமைக்கருவேலம் தனிக்கதை. அதற்கு வேலிகாத்தான் என்று நம்பிப் பெயர் வைத்தார்கள். வேலியைக் காத்தது, பிறகு உள்ளே வந்து கண்மாயைக் காத்தது, தண்ணீர் வந்துவிடாமலே காத்தது. வேலியே பயிரை மேய்ந்ததற்குத் தாவரவியல் ஆதாரம் கிடைத்துவிட்டது. 2017இல் அதைப் பிடுங்கும் வேலையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே முன்னின்று முடுக்க வேண்டியிருந்தது. பிறகு அதற்கும் தடை வந்தது. மரம் இருக்கிறது.

ஊருக்குள் வருவோம். மதுரையின் மிகப்பெரிய காம்பவுண்டுச் சுவர், விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு எழுந்த கோட்டை. 1840ஐ ஒட்டிய வருடங்களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடிக்க முடிவெடுத்தார். கம்பெனிக் கஜானாவைத் திறக்காமல், மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த இடம் என்று அறிவித்தார். பீரங்கிக்குச் சளைக்காத சுவர், மனைக்கு ஆசைப்பட்டவன் கடப்பாரைக்குச் சரிந்தது. அந்த வேலையில் ஈடுபட்ட சர்வேயர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்று தெருக்களாக இருக்கிறார்கள். பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கொத்தளம் மட்டும் மிச்சம் நிற்கிறது. இடித்தவன் அந்த இடத்தில் முதல் வேலையாக என்ன செய்திருப்பான்? தன் பங்குக்கு ஒரு சுவர் வைத்திருப்பான். இது ஊகம்தான் என்றாலும் கட்டுரையாளன் பந்தயம் கட்டத் தயார்.

இனி மூலப் பத்திரங்கள். ‘கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 40, இதற்கு மேற்கில் உள்ள சுவர் பொதுச்சுவர்’ என்பது போன்ற வரிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், தமிழ் உரைநடையில் இவ்வளவு கறாரான இலக்கியம் வேறில்லை. உவமை கிடையாது, அணி கிடையாது, ஒரு வார்த்தையை மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பொதுச்சுவர் எவ்வளவு தடிமன் என்று பத்திரம் சொல்லாது. அங்கேதான் இரண்டு தத்துவ மரபுகள் தோன்றின. நாலரை இஞ்சுச் சுவரை என் இடத்திலேயே வைத்துக்கொள்கிறேன், உன் தயவு வேண்டாம் என்பது ஒன்று. ஒன்பது இஞ்சுச் சுவரை நடுக்கோட்டில் வைத்து ஆளுக்குப் பாதிச் செலவு என்பது மற்றொன்று. நாற்பதடி நீளச் சுவருக்கு நாலரை இஞ்சு என்றால் 15 சதுர அடி. ஒரு சென்ட்டில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்குதான் தேறும். இந்தப் பதினைந்து சதுர அடியில் ஒரு கட்டில் போட முடியாது. ஆனால் இருபது வருடம் பேசாமல் இருக்க அது தாராளமாகப் போதும்.

எங்கள் தெருவில் அளந்து கல் ஊன்ற மனுக் கொடுத்து, ஒருநாள் சர்வேயர் வந்தார். கையில் புலப்படம். பின்னால் சங்கிலி பிடிக்க ஒருவர். வேடிக்கைக்கு நாங்கள் பதினோரு பேர். அறுபத்தாறு அடிச் சங்கிலியில் நூறு கண்ணி, ஒரு கண்ணி 7.92 இஞ்சு. தென்மேற்கு மூலைக் கல்லிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். கல் இருக்க வேண்டிய இடத்தில் செம்பருத்திச் செடி இருந்தது. கொஞ்ச நேரம் தேடினார். பிறகு குழாயடிக்குப் போய், அங்கே கிடந்த துவைகல்லைக் காலால் தட்டி, “இதைத் திருப்புங்க” என்றார். திருப்பினோம். வழவழவென்று தேய்ந்த மறுபக்கத்தில் அம்புக்குறி லேசாகத் தெரிந்தது.

எல்லைக் கற்களைப் பராமரிப்பது நிலத்துக்காரர் கடமை என்கிறது 1923ஆம் வருடத்து நில அளவை எல்லைச் சட்டம். அரசு நட்ட எல்லைக் குறியை நகர்த்துவதற்கு 1860ஆம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டம் 434ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை என்றது. அப்படிப் பார்த்தால் எங்கள் குடும்பமும் அடுத்த வீட்டுக் குடும்பமும் பல வருடம் வெள்ளிக்கிழமை தோறும் சோப்புப் போட்டுக் குற்றம் புரிந்திருக்கின்றன. கல்லைப் பெயர்த்தது யார் என்பதில் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் ஞாபகமறதி வந்தது. அதன்பிறகு அவர்களோடு நல்ல ஒட்டுறவாகிவிட்டது. கூட்டுக் குற்றத்தைப் போல அக்கம்பக்கத்தைச் சேர்த்துவைப்பது வேறொன்றில்லை.

சுவரின் இடம் இப்படித் தீரும். உயரம்தான் தீராது. அதற்குக் காரணம் கண்.

இந்த இடத்தில் 1882ஆம் வருடத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அது முதலில் அமலுக்கு வந்த இடங்களில் ஒன்று நம் சென்னை மாகாணம். வெளிச்சமும் காற்றும் இருபது வருடம் தடையின்றி ஒரு ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தால் அது உரிமையாகிவிடும் என்று அது சொல்வது வக்கீல்கள் அறிந்ததே. அதன் 18ஆம் பிரிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு தந்திருக்கிறார்கள்; பலர் கவனிக்காதது. ஓர் ஊரில், அடுத்த வீட்டின் அந்தரங்கத்தில் நுழைகிற மாதிரி யாரும் புது ஜன்னல் திறக்கக் கூடாது என்று வழக்கமிருந்தால், அந்த வழக்கமே உரிமையாகும். அதாவது எட்டிப்பார்ப்பதைப் பற்றி வெள்ளைக்காரன் சட்டப் புத்தகத்திலேயே யோசித்திருக்கிறான். 2019இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பக்கவாட்டில் எத்தனை மீட்டர் இடம்விட வேண்டும் என்று சொல்லும். அந்த இடத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டு, “இன்னைக்கு உங்க வீட்ல என்ன வெஞ்சனம்?” என்று ஜன்னல் வழியாகக் கேட்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்கிற விதி வேறு வகை. அது பார்ப்பதற்கு வழிவிடச் சொல்கிற விதி. கோபுரம் நம்மைப் பார்ப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தால்தான் பச்சை வலை கட்டுகிறார்கள்.

பதினெட்டு வருடக் கள ஆய்வில் கிடைத்த அளவை இனி முன்வைக்கலாம். எங்கள் பக்கத்துப் பெண்களின் சராசரி உயரத்துக்குச் சுவர் ஐந்தடி இருக்க வேண்டும். நேராக நின்றால் கண் மறையும். கையை உயர்த்தினால் கிண்ணம் தாண்டும். பெருவிரலில் எம்பினால் முகம் தெரியும். அது யார் வீட்டிலாவது ஆம்புலன்ஸ் வந்து நிற்பது போன்ற அவசரங்களுக்கு. இதற்குக் கீழே இறங்கினால் அது சுவரல்ல, திண்ணை. மேலே போனால் அங்கே ஏதோ மனத்தாங்கல் என்று கொள்க. ஆகவே சுவரின் உயரத்தை அடியில் அளப்பதைவிட, ஒரு மாதத்தில் எத்தனை கிண்ணம் தாண்டுகிறது என்று அளப்பதே அறிவியல்.

இந்த அலகு வெளிநாட்டுக்கும் பொருந்தும். இங்கிலாந்தில் 2003இல், இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்த பசுமை மாறாத உயிர்வேலிகளுக்காகத் தனிச்சட்டப் பகுதியே இயற்றினார்கள். சமூக விரோத நடத்தைச் சட்டத்துக்குள் அதை வைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. சான் பிரான்சிஸ்கோவில் 1870களில் ரயில்வே முதலாளி கிராக்கர், மனையை விற்க மறுத்த யுங் என்பவர் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் நாற்பதடிக்கு மரவேலி எழுப்பி வெயிலை மறைத்தார். நாற்பதடிக்குக் கிண்ணம் போகாது.

ஓர் இடத்தில் மட்டும் இந்த அலகு வேலை செய்யவில்லை. எழுமலைக்குப் பக்கத்தில் உத்தப்புரம். 1989இல் எழுப்பிய சுவர். பட்டியல் சாதி மக்கள் ஆதிக்க சாதித் தெருப் பக்கம் வரக்கூடாது என்பதற்காக. 2008இல் அதன்மேல் மின்கம்பி ஓடியது வெளியே தெரிந்து ஊர் உலகமெல்லாம் பேசிய பிறகு, மே 6 அன்று போலீஸ் காவலோடு ஒரு பகுதியை, பதினைந்தடி போல, இடித்துப் பாதை விட்டார்கள். அங்கே தகராறு இஞ்சுக்கும் இல்லை, எட்டிப்பார்த்ததற்கும் இல்லை. கிண்ணம் தாண்டக் கூடாது என்பதற்காகவே கட்டிய சுவர் அது. இந்த ஆய்வில் அதை ஓர் எடுத்துக்காட்டாகச் சேர்க்கக் கட்டுரையாளனுக்குக் கை வரவில்லை. சேர்க்காமல் விடவும் முடியவில்லை.

கடைசியாக, எங்கள் முருங்கை மரம். வீட்டை ஒட்டித் தென்சுவரோரம் நிற்கிறது. கிளை பாதி அடுத்த வீட்டில். கீரையிலும் காயிலும் பங்கு உண்டு, சிக்கல் கிடையாது. போன ஐப்பசியில் கம்பளிப்பூச்சி அடைந்தது. மரத்தில் பிறந்தது, சுவரில் ஊர்ந்தது, தெற்கு வீட்டு அண்ணன் பேரனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அடுத்த மனைக்குள் நீளும் கிளையை முன்னறிவிப்பில்லாமலே வெட்டலாம் என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருக்கிறது. கம்பளிப்பூச்சி யாருக்குப் பாத்தியம் என்பதில் பிரபுக்கள் வாய் திறக்கவில்லை.

அண்ணன் கேட் பக்கம் வந்து நின்றார். “தம்பி, தப்பா எடுத்துக்கிறாதீங்க. செவத்தக் கொஞ்சம் ஒசத்திக்கிறேன்.”

“ஒசத்துங்கண்ணே, பிள்ளைக்கு முடியலேன்னா என்ன செய்ய” என்றாள் என் மனைவி, என்னை முந்திக்கொண்டு. அடுத்த வாரம் கிளையை நாங்களே கழித்துவிட்டோம். ஆனால் செங்கல் வந்து இறங்கிவிட்டது. இறங்கிய செங்கலைத் திருப்பி அனுப்பும் வழக்கம் மதுரையில் இல்லை. ஏழடிக்கு எழுந்தது. ஆய்வின் அடிப்படையே தகர்ந்ததென்று நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

பூச்சு வேலை முடிந்த அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நாலரை அடி உயரத்தில், எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே, சுவரில் ஓர் ஓட்டை. கொத்தனாரைக் கேட்டேன். “அந்தக்கா மோட்டார் பைப்புக்குன்னு விடச் சொன்னாங்க. உங்க வீட்டக்காவும் வந்து அதே எடத்தத்தான் காட்டுனாங்க” என்றார். மோட்டார் அந்த வீட்டின் மறுகோடியில் இருக்கிறது.

டேப்பை எடுத்து வந்து அளந்தேன். அகலம் ஒரு செங்கல் நீளம், உயரம் இரண்டு வரி. எவர்சில்வர் கிண்ணம் தாராளமாகப் போகும். தூக்குவாளியைச் சாய்த்துத்தான் கொடுக்க வேண்டும்; ரசம் கொஞ்சம் அவர்கள் பக்கம் சிந்தும்.