தூண்டில் துரை

கத்திரி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே தூண்டில் துரையின் நடமாட்டத்தில் மாறுதல் தெரிந்துவிடும். வருஷம் முழுக்கப் பரணில் தூங்கிய பச்சை உறை கீழே இறங்கும். அதற்குள்ளிருந்து நான்கு துண்டாக ஒரு ‘ராட்’ வெளியே வரும். அதைப் பூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியை ஓடையாகப் பாவித்து வீசிப் பழகுவார். போன வருஷம் இப்படி வீசியதில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த குளியல் துண்டில் முள் மாட்டிக்கொண்டது. அந்த சீசனில் அவர் பிடித்ததிலேயே அதுதான் பெரிசு என்று எதிர்வீட்டுக்காரர் இன்னும் சொல்லித் திரிகிறார்.

ஈரோட்டில் இந்த இனத்தார் சிலர் உண்டு. ஒருவர் மஞ்சள் மண்டி வைத்திருப்பார், ஒருவர் வங்கியில் ஓய்வு பெற்றிருப்பார், ஒருவர் பல் டாக்டர். தொழில் எதுவானாலும் அடையாளம் ஒன்றுதான்: “மீன் பிடிக்கப் போறேன்” என்று வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள். “டிரவுட்டுக்குப் போறேன்” என்பார்கள். காவிரிக் கரையில் உட்கார்ந்து ஜிலேபியும் கெண்டையும் இழுப்பவர்கள்தான் மீன் பிடிக்கிறவர்கள். இவர்கள் ஆங்லர்கள். துரையின் கையில் இருக்கும் கயிற்றை நீங்கள் தங்கூஸ் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். அது ஃப்ளை லைன். என்ன விலை என்று கேட்டால், அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

“ஏனுங்க, மீனுக்காக நீலகிரி வரைக்கும் போவோணுமா? பவானிசாகர் மீனு வாசல்லயே வருதுங்களே?” என்பார் வீட்டுக்கார அம்மா.

“அது டேம் மீனு. இது டிரவுட்டு.”

“ருசி எப்படிங்க இருக்கும்?”

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் துரையிடம் பதில் கிடையாது. செருப்பைத் தேடப் போய்விடுவார்.

துரை என்ற பட்டம் அவருக்கு நான் சும்மா கொடுக்கவில்லை, மரபு அப்படி. சென்னை மாகாண அரசாங்கமே ஒரு காலத்தில் கோடை வந்தால் கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறி, மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தது. குளிர் இருந்தது, புல்வெளி இருந்தது, ஓடையும் இருந்தது. ஓடையில் அந்த வெள்ளைக்காரத் துரைமார்களின் ஊர் மீன்தான் இல்லை. 1863-இல் டாக்டர் ஃபிரான்சிஸ் டே டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். சூயஸ் கால்வாய் திறக்காத காலம், நீண்ட பயணம், வழியெல்லாம் வெக்கை, முயற்சி தேறவில்லை. பிறகு ஹென்றி வில்சன் என்பவர் வந்து, 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, விடாப்பிடியாக நின்று ரெயின்போ டிரவுட்டை நீலகிரி ஓடைகளில் குடியேற்றினார். அந்த மீனுக்குப் பிறந்தகம் இங்கிலாந்து கூட இல்லை, வட அமெரிக்காவின் பசிபிக் கரை. ஆக, வெயில் தாங்காமல் மலையேறியவர்கள், வெயில் தாங்காத ஒரு மீனையும் தேடிப்பிடித்துத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். இந்த வரலாற்றைச் சொல்லும்போது துரையின் குரலில் தாத்தா சொத்தைப் பற்றிப் பேசும் கனம் இருக்கும். நிஜத் தாத்தா சென்னிமலையில் தறி ஓட்டியவர்.

டிரவுட்டின் குணம் அவருக்கு மனப்பாடம். தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டினால் அதற்குத் திண்டாட்டம். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரைந்திருக்கும். மீனுக்கோ சூட்டில்தான் அது அதிகம் தேவை. வரவு குறைந்து செலவு ஏறிய மண்டிக்காரர் மாதிரி, எங்காவது நிழல் பார்த்து ஆடாமல் அசையாமல் கிடக்கும். அருவி விழும் மடு, பாறை இடுக்கு, மரம் சாய்ந்த கரை என்று போய் ஒண்டும். இரை எடுக்க விடியலில் வரும், அப்புறம் பொழுது சாய்ந்தபின் வரும். இதையெல்லாம் மூச்சு விடாமல் விளக்குவார். அப்படியானால் மே மாதத்தில் காலை பதினொரு மணிக்கு நீங்கள் ஓடையில் நின்று என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிடக் கூடாது. விடியலில் அவர் இரண்டு கம்பளிக்கு அடியில் இருப்பார். டிரவுட் இரை எடுக்கும் நேரமும் துரை பொங்கல், வடை எடுக்கும் நேரமும் இதுவரை ஒத்துப்போனதில்லை.

இ-பாஸ் வாங்கி, மேட்டுப்பாளையத்து வாகன வரிசையில் வெந்து, சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பறிகொடுத்து, ஒரு வழியாகக் கல்லாறு தாண்டியதும் துரையின் முகம் மாறும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. காரில் வெளி வெப்பத்தைக் காட்டும் எண் ஒன்று இருக்குமே, கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு அதை உரக்க வாசித்துக்கொண்டே வருவார். “முப்பத்தாறு... முப்பத்திரண்டு... பாருங்க, இருபத்தொம்பது!” குன்னூரில் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குவார். 2,240 மீட்டரில் ஊட்டி வரும்போது அந்த எண் இருபத்திரண்டைத் தொட்டிருந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. மீனைப் பற்றிப் பேசும்போது இவ்வளவு பக்தியை அவரிடம் நான் பார்த்ததில்லை.

அவருடைய ஃப்ளைப் பெட்டி மட்டும் உண்மையிலேயே பார்க்க வேண்டிய பொருள். உள்ளங்கை அகல அலுமினிய டப்பா. அதில் வரிசை வரிசையாகப் பொய்ப் பூச்சிகள், ஒவ்வொன்றும் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிக் கட்டியது. கட்டும் கை தேர்ந்த கையாக இருந்தால் ஈ என்று நம்பி நாமே ஓட்டப் பார்ப்போம். நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெருகேறிய மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அந்த இறகுக்காகச் சீமையில் தூண்டில்காரர்கள் ஒரு காலத்தில் அலையாய் அலைந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவ வேண்டிய சேவல் கப்பலேறிப் போய் ஸ்காட்லாந்து சால்மனை ஏமாற்றிக்கொண்டிருந்தது. இன்று அது சட்டப் பாதுகாப்பில் உள்ள பறவை; இறகைத் தொட்டால் கேஸ். ஆகவே துரையின் டப்பாவில் இருப்பது போன தீபாவளிக்குக் குழம்பான நாட்டுச் சேவலின் பங்கு.

தேசியப் பூங்கா, காப்புக்காடு என்று எல்லை வகுத்த பிறகு தூண்டில் போடும் இடங்கள் சுருங்கிவிட்டன. அனுமதி இல்லாமல் போட்டால் மீனுக்கு முன்னால் இவர் மாட்டுவார். ஆகையால் அனுமதித்த ஓடையில், கூட ஒரு வாட்சரோடுதான் நிற்பது. வாட்சருக்கு ஸ்வெட்டர், அதற்கு மேல் மப்ளர், காதை மூடிய குல்லாய். துரைக்கு முழங்கால் வரை தண்ணீர், முகத்தில் பேரின்பம்.

“ஈரோட்டுல இப்போ எம்புட்டு வெயில் சார்?” என்று ஒருமுறை வாட்சர் கேட்டார்.

“நாப்பதுக்கு மேல. மனுசன் இருக்க முடியாது.”

“குடுத்து வச்சவங்க சார். எங்களுக்கு முட்டி நோவு. ஒரு பத்து நாள் அந்த வெயில்ல உக்காந்தா தேவலாம்.”

துரை திரும்பி வாட்சரைப் பார்த்த பார்வையில், இந்த மனிதனுக்கு ஏதாவது மருத்துவ உதவி செய்ய வேண்டுமோ என்ற கவலை இருந்தது.

தண்ணீரின் சூட்டைப் பார்ப்பதற்கென்றே ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார். டிரவுட் ஆங்லருக்கு அது அவசியமான கருவிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பதினாறு டிகிரி காட்டியதும் அவர் மடுவைத் தேடிப் போவதில்லை, போனைத்தான் தேடுவார். படம் எடுத்து, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு மூச்சிரைக்க ஏறி, மண்டி நண்பர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்புவார். அங்கே கோணியும் தூசியுமாக வெந்துகொண்டிருப்பவர்கள் கோபப் பொம்மைகளைப் பதிலாக அனுப்ப அனுப்ப, துரைக்கு இங்கே குளிர் இன்னும் கூடும். அவர் வீசிய தூண்டிலில் தவறாமல் மாட்டுவது இவர்கள்தான்.

மற்றபடி மாட்டுவது குறைவு. ஒரு தடவை எமரால்டு பக்கம் கிழங்கு மாதிரி ஒன்று இழுபட்டது. நான் வாயெல்லாம் பல்லாக ஓடினேன். பார்த்தால் கார்ப், கெண்டைக்கு உறவு. மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம். துரை அதைத் தீண்டத்தகாத விருந்தாளியாகப் பார்த்துத் திரும்ப விட்டுவிட்டார். “இது ஈரோட்டுலயே கிடைக்குமே” என்றார். அன்று இரவு நாங்கள் முட்டை தோசை சாப்பிட்டோம்.

ஈரோட்டில் கிடைப்பது மீன் மட்டுமில்லை. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர், கனடா உதவியோடு கட்டிய குந்தா மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டு, பில்லூர் வழியாகப் பவானியில் கலந்து, பவானிசாகரில் தேங்கி, கூடுதுறையில் காவிரியைச் சேருகிறது. வழியில் கரண்டையும் கொடுத்துவிட்டு, அவருடைய வீட்டுப் பக்கமாகவே அது போகிறது. இதைக் கண்டுபிடித்தவர் வீட்டுக்கார அம்மா. “நீங்க போயி நிக்கற தண்ணிலதானுங்க எனக்கு இங்க ஏசியே ஓடுது” என்று ஒருநாள் சொல்லிவிட்டு, ரிமோட்டில் இன்னும் இரண்டு டிகிரி குறைத்துக்கொண்டார்.

இந்த மே முடிந்து துரை இறங்கி வந்தபோது, முகத்தில் வெயில் பட்ட சிவப்பு, உறையில் அதே ராட், ஐஸ் பெட்டியில் ஊட்டி கேரட். எதிர்வீட்டுக்காரர் ஆர்வமாக விசாரித்தார். தண்ணீர் எவ்வளவுக்கெவ்வளவு ஜில்லென்று இருக்கிறதோ அவ்வளவுக்கு டிரவுட் சுறுசுறுப்பு என்று துரை வழக்கம்போல ஆரம்பித்தார்.

“அப்படீன்னா ஒண்ணு பண்ணலாமுங்க,” என்றார் எதிர்வீட்டுக்காரர். “ஜனவரியில போலாம். நானும் வாறேன்.”

துரைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஜனவரியிலயா? உறைபனி கொட்டுமுங்க! அந்தக் குளுருல போயி எவனாச்சும் தண்ணிக்குள்ள நிப்பானா?”