13 கிண்ணமும் 1967உம்

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகன், மேப்பிள் லீவ்ஸ் ஐஸ் ஹொக்கி அணி தோற்றால் சாப்பிடவே மாட்டானாம். அந்த அணி அப்படி என்னதான் செய்கிறது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: வெல்லப்போகிறது என்று நம்பவைத்துவிட்டுத் தோற்கிறது!

ஐஸ் ஹொக்கியின் உச்சப் பரிசான ஸ்ரான்லி கிண்ணத்தை 13 முறை வென்ற அணி, 1967க்குப் பிறகு அதைத் தொடவில்லை. 2013இல் பொஸ்ரன் அணிக்கு எதிரான தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் 4-1 என முன்னின்றது; மேலதிக நேரத்தில் 5-4 எனப் பறிகொடுத்தது. எந்த ரசிகருக்கு அது ஆறும்? 2018, 2019, 2024 ஆண்டுகளிலும் ஏழாவது ஆட்டத்தில் வழிமறித்தது அதே பொஸ்ரன்தான்.

பையனைக் கோபிக்க ஏதுமில்லை. இலங்கைக் கிரிக்கெட் அணியும் 2007, 2009, 2011, 2012 என நான்கு உலகக்கிண்ண இறுதியாட்டங்களில் தோற்றது, கடைசியாகக் கொழும்பில், சொந்த மண்ணிலேயே. ஒருவழியாக 2014இல் டாக்காவில் நடந்த உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்றபோது சங்கக்காரவும் மஹேலவும் தங்கள் கடைசி இருபது ஓவர் சர்வதேச ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள்.