புளியோதரைக்கும் ஒரு டிக்கெட் போடுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தீம் பார்க்கின் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் பார்க்கின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். போட்டால் விளம்பரமாகிவிடும், அந்தச் செலவையும் எங்கள் தலையில் கட்டிவிடுவீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்திருந்தேன். கவுண்டர் பக்கத்துச் சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வரைந்து, 140 சென்டிமீட்டரில் கோடு போட்டிருக்கிறீர்கள். கோட்டுக்குக் கீழே என்றால் அரை டிக்கெட். என் மகன் முழங்காலை லேசாக மடக்கி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றான். பயிற்சி அவன் அம்மா கொடுத்தது, காரிலேயே. உள்ளே ரோலர் கோஸ்டர் வாசலிலும் அதே ஒட்டகச்சிவிங்கி, அதே கோடு. அங்கே கோட்டைத் தொட்டால்தான் ஏற்றுவார்கள். பயல் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். உங்கள் ஊழியர் அவன் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். "தம்பிக்கு அரை டிக்கெட்டுல்ல சார் போட்டிருக்கு? காலைல குட்டை, மத்தியானம் நெட்டையா?" என்றார். மீதிப் பணத்தைக் கட்டினேன். அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ராட்டினத்தில் நாற்பது பேருக்குப் பதில் நாலு பேர் ஏறினால் கரண்ட் பில் பத்தில் ஒன்றாகிவிடாது. பரீட்சை மாதத்தில் ஈ ஓட்டினாலும், ஐப்பசி மழையில் பூட்டிக் கிடந்தாலும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது டிக்கெட்டுக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2018 ஜனவரியில்தான் 18க்கு இறங்கினார்கள். இதையெல்லாம் டிக்கெட்டில் ஏற்றலாம் என்றால் நாங்கள் ஓடிவிடுவோம். உங்கள் அலைக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி அசல் அலை சும்மா அடித்துக்கொண்டிருக்கிறதே!

அதனால் நீங்கள் டிக்கெட்டைத் தொடவில்லை. லாக்கருக்கு வாடகை, தண்ணீரில் இறங்க நைலான் உடுப்பு, அதற்கும் வாடகை. என் பருத்தி பனியனைப் பார்த்து உங்கள் ஆள் முகம் சுளித்த மாதிரி என் சம்பந்தி வீட்டில்கூட யாரும் சுளித்ததில்லை.

இந்த வித்தையில் நீங்கள் இன்னும் கத்துக்குட்டிதான். டிஸ்னிலேண்டைப் பாருங்கள். 1955இல் திறந்தபோது நுழைவுக்கு 1 டாலர், சவாரிக்குச் சவாரி தனிச் சீட்டு. 1982இல் சீட்டுப் புத்தகத்தை ஒழித்து, ஒரே டிக்கெட்டில் எல்லாம் என்றார்கள். 1999இல் வரிசையைத் தாண்ட இலவசச் சீட்டு கொடுத்துப் பழக்கினார்கள். 2021இல் அதற்குக் காசு. சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள், ராட்டினம் அல்லவா! ஒருநாள் டிக்கெட்டின் ஆகக் குறைந்த விலையை மட்டும் 2019 முதல் பல ஆண்டுகள் 104 டாலரிலேயே வைத்திருந்தார்கள். கூட்டம் மொய்க்கும் நாளிலோ டிக்கெட் 200ஐத் தாண்டியது. அந்த 104 டாலர் நாள் எப்போது வரும் என்கிறீர்கள்? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்போது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். வாசலில் பையைத் துழாவிய உங்கள் ஊழியரம்மா எங்கள் புளியோதரையைப் பறிமுதல் செய்துவிட்டார். உள்ளே உங்கள் எலுமிச்சை சாதத்தைத் தின்றுவிட்டுத்தான் வந்தோம், அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. ஆனால் அந்த எவர்சில்வர் டப்பாவின் மூடியில் என் மாமியார் பெயர் வெட்டியிருக்கிறது. டோக்கன் 47. பத்திரமாக வைத்திருக்கவும். வாடகை உண்டென்றால் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
அரை டிக்கெட்டின் அப்பா