மாடில்லாத வீட்டுப் புல்லு

ஸ்காபரோவில் ஒரு மனுஷனின் யோக்கியதையை அளக்க அவனுடைய சம்பளத்தைப் பார்க்கமாட்டார்கள். முன்வளவுப் புல்லைப் பார்ப்பார்கள். வீட்டுக்குள்ளே சோபா கிழிந்து பஞ்சு வெளியே தொங்கினாலும் தெருவுக்குத் தெரியாது. முன்வளவில் கையகலத்துக்கு ஒரு மொட்டை விழுந்தால் நாயோடு நடை போகிறவர்கள்கூட ஒரு கணம் நின்று, அனுதாபப்பட்டுவிட்டுத்தான் போவார்கள். இதில் வேடிக்கை, தெருவோரத் துண்டு நகரசபையின் காணி. வெட்டிப் பராமரிப்பது மட்டும் என் பொறுப்பு. புல் 20 சென்ரிமீற்றருக்கு மேலே வளர்ந்தால் ரொறன்ரோ நகரசபை நோட்டீஸ் அனுப்பும். வளராவிட்டால் ஒன்றும் செய்யாது. அந்த வகையில் என்னைப்போலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பிரஜை இந்த நகரத்தில் இல்லை.

மொட்டை விழுந்த கதை மண்ணுக்குள்ளே தொடங்கியது. ஜப்பான் வண்டின் புழு வேரைத் தின்றது. அந்தப் புழுவைத் தின்ன இரவில் ஸ்கங்கும் ரக்கூனும் வந்து, புல்லைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி வைத்துவிட்டுப் போயின. மருந்தடிக்கலாமா என்றால், வெறும் அழகுக்காகப் பூச்சிமருந்தும் களைமருந்தும் அடிப்பதை ஒன்ராறியோவில் 2009இலேயே தடை செய்துவிட்டார்கள். வேண்டுமானால் நெமட்டோடு என்ற நுண்புழுவை வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். அது வண்டின் புழுவுக்குள் புகுந்து அதைக் கொல்லும். என் வளவில் எல்லாருக்கும் விருந்து நடக்கிறது, பில் மட்டும் எனக்கு வருகிறது.

விதை வாங்கப் போனேன். வீடு வாங்கிய அன்று வக்கீல் நீட்டிய கடதாசிகளில் ஒன்றைக்கூட வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவன், விதைப் பையின் பின்பக்கத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரி வரியாக வாசித்தேன். கென்டக்கி புளூகிராஸ் மண்ணுக்கடியில் தண்டு ஓடவிட்டுப் பரவி, மொட்டையைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் முளைக்க இரண்டு கிழமையிலிருந்து நாலு கிழமை பிடிக்கும். ரைகிராஸ் ஒரு கிழமையில் எட்டிப்பார்க்கும். ஆனால் முளைத்த இடத்தை விட்டு நகராது. மெல்லிய ஃபெஸ்க்யூ நிழலைப் பொறுத்துக்கொள்ளும். அதனால் எல்லாவற்றையும் கலந்து விற்கிறார்கள். முதல் மாதம் தெருவின் வாயை ரைகிராஸ் அடைக்கும், பிறகு வீட்டை புளூகிராஸ் பொறுப்பெடுக்கும். மலிவாகத் தெரிந்த சில பைகளில் பாதி எடை விதைக்கு மேலே பூசிய பூச்சு என்பதையும் கண்டுபிடித்தேன். புளூகிராஸ் விதை ஒரு கிலோவில் 40 லட்சத்துக்கு மேல் இருக்கும். வாழ்க்கையில் முதற்தடவையாக லட்சங்களைத் தூக்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தேன்.

விதைக்க நல்ல காலம் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடு வரை. மண் இன்னும் சூடாக இருக்கும், வெயில் தணிந்திருக்கும், களையின் ஆட்டமும் அடங்கியிருக்கும். வசந்தத்தில் விதைத்தால் களையும் கூடவே கிளம்பும். இளம் வேரைக் கோடை வெயில் வாட்டிவிடும். இதையெல்லாம் மனைவிக்கு விளக்கியபடி மண்ணைக் கிளறிச் சமப்படுத்தினேன். பாதி விதையை நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவி, கால் அங்குலத்துக்கு மேலே மூடாமல் மெல்ல வாரி, விதை மண்ணோடு ஒட்ட மிதித்தேன்.

மாமி வாசற்படியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா.

"தம்பி, மாடு எப்ப வருகுது?"

"மாடு இல்லை மாமி. இது வடிவுக்கு."

"வளர்ந்தாப் பிறகு என்ன செய்யிறது?"

"வெட்டுறது."

"வெட்டி?"

"அதிலயே விடுறது. உக்கி அதுக்கே பசளையாப் போகும். நகரசபையும் வெட்டின புல்லை எடுக்காது."

மாமி அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தைப் பற்றி யோசித்திருப்பா.

முளைக்கும்வரை மேல்மண் காயக்கூடாது. நாளுக்கு இரண்டு மூன்று தரம் பூப்போலத் தண்ணீர் தெளிக்க வேண்டும். "இஞ்சாருங்கோ, சனம் வேலைக்குப் போற நேரத்தில சாரத்தோட முன்னுக்கு நிண்டு வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்தாதேங்கோ" என்று மனைவி கதவிடுக்கால் மன்றாடினா. சிட்டுக்குருவிகள் மட்டும் என் உழைப்பை மதித்து, குடும்பம் குடும்பமாக வந்து விதை பொறுக்கின.

நாலைந்து நாளில் படியோரம் ஒரு பச்சை எழும்பியது. ரைகிராஸுக்கே அந்த வேகம் கிடையாது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால், இலை வட்டமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு இத்தாலியக் கிழவர், தன் பில்லியர்ட் மேசைப் புல்லில் நின்றபடி, எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் தந்த முதல் நற்சான்றிதழ். இலை வட்டமா நீளமா என்று விளக்கி அந்த மனுஷனின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? நானும் விரலை உயர்த்தினேன்.

"வெந்தயம்" என்றா மாமி. "சும்மா கிடக்கிற மண்ணுக்குத் தண்ணி வேற ஊத்துறியள். ஒரு பிடி தூவிவிட்டன்."

வெந்தயக்கீரை பருப்போடு இரண்டு தரம் மேசைக்கு வந்தது. பிறகுதான் அதன் நடுவே, நூல் மாதிரி, புல் தலைகாட்டியது. மாமிதான் முதலில் கண்டா.

"தம்பி, கீரைக்குள்ள புல்லு வந்திட்டுது. பிடுங்கிவிடுங்கோ."

நான் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனின் மகன். அறுகும் கோரையும் தின்னாமல் வெங்காயப் பாத்தியைக் காத்த கை இது. புல்லு வளர்க்கத்தான் வராது. பிடுங்கினால் ஒன்றும் மிஞ்சாது.