பார்ட்டி வந்துக்கிட்டே இருக்காரு

திருச்சுழி ரோட்டு டீக்கடையில் நேற்று மத்தியானம் வரை நின்ற எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. அதே சூட்டில், நிலத்தில் பணம் போடுகிறவர் நல்ல புரோக்கரை எப்படிப் பிடிப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஒரு புரோக்கர் என்று யாரும் கிடையாது. அருப்புக்கோட்டையில் நம்மிடம் போனில் பேசியவருக்கு நிலம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. திருச்சுழியில் "நம்ம பையன்" ஒருவர் வண்டியில் தொற்றிக்கொள்வார். பையனுக்கு வயது ஐம்பது. அவருக்கு ஊர் தெரியும், காடு தெரியாது. காடு தெரிந்தவர் கண்மாய்க்கரையில் துண்டை உதறிக்கொண்டு நிற்பார். அவருக்குக் காடு தெரியும், மால், அதாவது எல்லை, தெரியாது. மால் தெரிந்தவர் ஆடு மேய்க்கிறவர். ஆளுக்கொரு டீ, வடை, எல்லாம் நம் கணக்கு. ஆள் ஏற ஏற ஏக்கர் விலையும் ஏறும்.

"இந்தா, அந்தக் கருவை வரைக்கும் நம்ம எடந்தான் அண்ணாச்சி" என்று ஒருவர் கை நீட்டுவார். எந்தக் கருவை? அடிவானம் வரை சீமைக்கருவேலம்தான். இன்னொருவர் வேறு திசையில் கை நீட்டுவார். பிறகு ஒவ்வொருவராக நம்மைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "அவரு வாயி. நீங்க நேரா எங்கிட்ட வந்துருங்க" என்பார்கள். அந்த வாயும் ராத்திரி போனில் இதையே சொல்லும். ஆடு மேய்க்கிறவர் மட்டும் "கெணத்துத் தண்ணி உப்பு சாமி" என்றார். அத்தனை புரோக்கர்களும் ஒரே குரலில் அவரை அதட்டினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நிலக்காரர்? "பார்ட்டி வந்துக்கிட்டே இருக்காரு." திருப்பூரிலிருந்து. காலையிலிருந்து.

ரயில் வேறு வருகிறதாம். மதுரை – தூத்துக்குடி புதுப்பாதை அருப்புக்கோட்டை வழியாக, 143.5 கிலோமீட்டர். 2011-12 ரயில்வே பட்ஜெட் காலத்துச் சங்கதி. தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை கொஞ்சம் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். இங்கே புரோக்கர் வாயில் ஸ்டேஷனே கட்டி முடிந்துவிட்டது, அதுவும் நாம் பார்க்கிற புஞ்சையின் வரப்பிலேயே. நாலுவழிச்சாலையும் கூப்பிடு தூரம்தானாம். செல்போனில் கூப்பிட்டால் சரிதான்.

"ரமணர் பொறந்த மண்ணு அண்ணாச்சி" என்பது கடைசி அஸ்திரம். உண்மைதான், 1879-இல் இந்தத் திருச்சுழியில்தான் பிறந்தார். பதினாறு வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார் என்பதை எந்தப் புரோக்கரும் சொல்வதில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் அது ரெரா பதிவு பெற வேண்டிய மனைப்பிரிவு, அடுக்குமாடி விற்கிறவர்களுக்கு. கரிசக்காட்டு ஏக்கருக்கு யார் வேண்டுமானாலும் புரோக்கர். அப்படியும் விடாமல் ஒருவரிடம் பதிவு எண் கேட்டேன். வண்டி நம்பரைச் சொன்னார்.

கிரயம் செய்தால் முத்திரைத்தாளுக்கு ஏழு, பதிவுக்கு இரண்டு என்று சர்க்கார் ஒன்பது சதவீதம் எடுத்துக்கொள்கிறது. புரோக்கருக்கு இரண்டு, அந்த இரண்டை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பது பத்திரத்தில் வராது. வில்லங்கச் சான்றிலும் எல்லாம் வராது. வாய்ப்பேச்சில் முடிந்த பாகப்பிரிவினை அதில் தெரியாது, கையெழுத்துப் போடாமல் மும்பையில் இருக்கும் அக்காவும் தெரியமாட்டார். இதையெல்லாம் விசாரித்துச் சொல்லத்தான் புரோக்கர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் பேசிக்கிறலாம்" என்கிறார்கள்.

நல்ல புரோக்கரைப் பிடிப்பது எப்படி என்று ஆரம்பித்தேன். அது கிடக்கட்டும். நிலக்காரரே நேரில் நின்று விற்கிற புஞ்சை, பட்டாவும் மூலப்பத்திரமும் ஒத்துப்போகிற மாதிரி, எங்காவது கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு சதவீதம் தந்துவிடுகிறேன்.